பூரி நம் வீட்டில் இருந்தபோது

நைனா,

உன் கல்யாணத்துக்கு நீ வந்து இறங்கிவிட்டால் அப்புறம் நமக்குள் பேச நேரமே இருக்காது. மலைமேல் மண்டபம், சமையல்காரர், சேலத்திலிருந்து வருகிற நிவேதா வீட்டாருக்கு அறை என்று ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருப்போம். ஒரு சாயங்காலம் தனியாகக் கிடைத்தாலும் எனக்குப் பேச வராது. போனில் நாம் பேசுவதெல்லாம் சாப்பிட்டாயா, அங்கே பனி கொட்டுகிறதா, இங்கே மழை விட்டதா என்பதோடு முடிந்துபோகிறது. போன வாரம் நீ திடீரென்று கேட்டாய், "பூரி போனதுலேர்ந்து உன் கொரலே ஒரு மாதிரி கீதும்மா, இன்னா ஆச்சு?" என்று. "ஒண்ணுமில்ல, சளி" என்றேன். அது சளி இல்லை என்று உனக்கும் தெரியும். இப்போது மார்கழி வெயில் பின்கட்டுப் படியில் நன்றாக விழுகிறது. அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பூரியைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதைவிடச் சொல்லாததுதான் அதிகம். அதை நீ கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

நீ கனடாவுக்குப் போன வருஷமே எனக்கு ரிட்டயர்மெண்ட்டும் வந்துவிட்டது. கிராம நர்சாக வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராகச் சுற்றியவளுக்குக் காலையில் எழுந்தால் போவதற்கு இடம் இல்லை. உன் அப்பா போட்டோவுக்குப் பூ வைத்துவிட்டு வாசலில் நிற்பேன். அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டுக்காரர்கள் பெரியவருக்கு நெஞ்சு ஆபரேஷன் என்று வேலூருக்குக் கிளம்பினார்கள். அவர்கள் வீட்டு நாய்க்குச் சோறு வைக்க ஆள் இல்லை. நான் வைக்கிறேன் என்றேன். அவர்கள் திரும்பி வருவதற்குள் அது கொழுத்துப்போயிருந்தது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் காதுக்கு விஷயம் போனது. அதற்கப்புறம் அவர் போன் பண்ண ஆரம்பித்தார். வீட்டில் சாவு, ஆஸ்பத்திரி, வீடு இடிந்துவிட்டது என்று ஏதாவது ஒரு கஷ்டம் வந்து, வளர்க்கிற பிராணியை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களை என்னிடம் அனுப்புவார். பொதட்டூர்பேட்டையில் மழைக்குத் தறிக்கொட்டகை சரிந்து, சொந்தக்காரர் வீட்டில் ஒண்டப்போன ஒரு குடும்பத்தின் பூனைகள் இரண்டு வந்தன. அவை வந்த முதல் வாரம் முழுக்க வீட்டில் நூல் கஞ்சி வாசனை அடித்தது. நீ அப்போது சிரித்தாய். "நாய் ஆஸ்டல் நடத்துறியாம்மா?" என்றாய். நான் எல்லாரிடமும் சொன்னது ஒன்றுதான். இது உங்களுடையது, என்னுடையது இல்லை. கஷ்டம் தீர்ந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

பூரியை நான் முதலில் பார்த்தது மாசி மாதத்தில், கால்நடை ஆஸ்பத்திரியில். பூனைக்கு ஊசி போடக் கூட்டிப் போயிருந்தேன். செம்பழுப்பு நிறத்தில் ஒரு தெருநாய், பின்னங்கால் ஒடிந்து, ஒரு பெண்ணின் மடியில் கிடந்தது. பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சிறு பெண் அதன் காதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். எப்படி ஒடிந்தது என்று டாக்டர் கேட்டார். "மாடிப்படிலேர்ந்து கீழ வுழுந்துட்ச்சி சார்" என்றாள் அந்தப் பெண். "நம்ம வூட்ல மாடி இல்லியேம்மா" என்றாள் குழந்தை. டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டுப் போடுவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டார். எனக்கு அந்தப் பெண்ணின் முகம் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. அவளுக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது. கே.ஜி.கண்டிகையில் அவள் வயிற்றுப்பிள்ளையோடு இருந்தபோது மாத்திரை கொடுத்ததும், இந்தக் குழந்தைக்கு முதல் ஊசி போட்டதும் நான்தான். பெயர் தேவகி. குழந்தை யாழினி. குட்டியாக இருந்தபோது பால் குடித்தால் வயிறு பூரி மாதிரி உப்பிவிடுமாம், அதனால் நாய்க்கு அந்தப் பெயர்.

வெளியே வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. அவள் முந்தானையை இழுத்து மணிக்கட்டை மறைத்துக்கொண்டாள். இத்தனை வருஷ வேலையில் அப்படி மறைக்கிற கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். புருஷன் குட்டியானை வண்டி ஓட்டுகிறான். குடித்தால் கை நீளும். அடிப்பது அவளைத்தான். ஆனால் இப்போது கொஞ்ச நாளாக அவளை அடிப்பதில்லை, நாயை அடிக்கிறான். அப்படிச் செய்தால் அவள் சொன்னபடி கேட்கிறாள் என்று கண்டுகொண்டான்.

"வுட்டுட்டுப் போயிருக்கலாமே தேவகி?"

"போன தபா எங்க அக்கா வூட்டுக்குப் போய்ட்டேன் நர்சம்மா. மறுநா போன் பண்ணாரு. ஒரு வார்த்த பேசல. இத்த கத்த வச்சாரு, அவ்ளோதான். பாப்பா பக்கத்துல நின்னுகினு கேட்டுச்சி. அட்த்த பஸ்ஸ புட்ச்சி வந்துட்டோம்."

குழந்தை நாயின் கட்டை ஊதிக்கொண்டிருந்தாள், சூடான பாலை ஊதுவதுபோல.

"நாய என்கிட்ட வுட்டுட்டுப் போ" என்றேன். "நீயும் பாப்பாவும் எங்கனா பத்திரமா போய்ச் சேருங்க. எங்க போறேன்னு என்கிட்டகூட சொல்லாத."

"திருப்பிக் குட்ப்பீங்களா நர்சம்மா?" அவள் கேட்டது இது ஒன்றைத்தான். அடி, புருஷன், போலீஸ் எதைப் பற்றியும் கேட்கவில்லை.

"உன்னுதுதான். நான் பாத்துக்கறேன், அவ்ளோதான்."

டாக்டர் உதவினார். கட்டுப் பிரிக்கிறவரை நாய் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும் என்று தான் சொன்னதாக வீட்டில் சொல்லச் சொன்னார். அந்த வாரமே அவன் புத்தூர்ப் பக்கம் சரக்கு ஏற்றிக்கொண்டு போனபோது தேவகி குழந்தையைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள். பெண்களும் பிள்ளைகளும் தங்குகிற ஒரு காப்பகத்தில் இடம் கிடைத்தது என்று பிறகு சொன்னாள். அங்கே நாய் வைத்துக்கொள்ள முடியாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, இருக்கிற இடமே அவ்வளவுதான். ஆனால் நாய்க்கு ஒரு இடம் இல்லாததால் எத்தனை பேர் கிளம்பாமலே இருந்துவிடுகிறார்களோ என்று நான் அப்போதுதான் யோசித்தேன்.

அவன் நம் வீட்டுக்கு வந்ததை உன்னிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ பதறிப்போய் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லியிருப்பாய். ஊர் சின்னது. டீக்கடையில் யாரோ, நர்சம்மா வீட்டில் கால் ஒடிந்த நாய் ஒன்று இருக்கிறதே என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு பகல் வேளையில் கேட்டைத் திறந்துகொண்டு வந்து நின்றான். தலை வாரி, சுத்தமாகச் சட்டை போட்டிருந்தான். குடித்திருக்கவில்லை. உன் வயதுதான் இருக்கும்.

"வணக்கம்ங்க நர்சம்மா. எங்க நாய் உங்க வூட்ல கீதுன்னு சொன்னாங்க."

இல்லை என்று சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. அதற்குள் அவன் குரலைக் கேட்டுவிட்டு பூரி பின்கட்டிலிருந்து வந்துவிட்டது. கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு வந்தது நைனா. அந்தக் காலை ஒடித்தவனிடம் வால் ஆட்டியது. அவன் குந்தினான். அது அவன் உள்ளங்கையை நக்கியது. அவன் கண் நிறைந்துவிட்டது. நடிப்பு இல்லை. நடிப்பைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

"இத்த தூக்கியாந்ததே நான்தாம்மா. மழைல சாக்கடையாண்ட கெடந்துச்சி. சட்டைக்குள்ள வச்சி எட்த்தாந்தேன். அவ இல்ல, நானு."

"செரிப்பா."

"அவங்க எங்க கீறாங்கன்னு சொல்லிடுங்க. நாய நீங்களே வச்சிக்கங்க."

"எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா பரவால்ல. நாய குட்த்துடுங்க. இது என்கிட்ட இருந்தா அவ தன்னால வந்துடுவா."

சாதாரணமாகச் சொன்னான். மழை வந்தால் குளிரும் என்று சொல்வது மாதிரி. சொல்லிக்கொண்டே அதைத் தூக்கினான். ஒடிந்த கால் அவன் கையில் அழுந்தி, பூரி அலறியது. நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் நாயைப் பற்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "தூக்கறதுன்னா என்னையும் சேத்துத் தூக்கு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவன் ஒரு பக்கம் பிடித்திருந்தான், நான் ஒரு பக்கம். இழுத்தால் நாய்க்குத்தான் வலிக்கும் என்பது இருவருக்கும் தெரியும். நான் இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

அலறல் கேட்டு, எதிர்ப்பக்கம் மலைக் கோயிலுக்கு மாலை கட்டுகிற பெண்கள் எழுந்து வந்துவிட்டார்கள். மடியில் சாமந்தி இருந்தபடியே வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அவர்களில் அஞ்சலை மட்டும் உள்ளே வந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள், "இன்னா நைனா, வயசானவங்க கீழ குந்திகினு கீறாங்க, நீ நின்னுகினு கீற?"

அவன் எல்லாருடைய முகத்தையும் பார்த்தான். கையை எடுத்தான். கேட்டுக்கு வெளியே போய் செருப்பை மாட்டும்போது தேம்பினான். அவன் வண்டியைக் கிளப்பியதும் பூரி என் கையிலிருந்து திமிறிப்போய் கேட்டில் மூக்கை வைத்து ஊளையிட்டது. அஞ்சலைக்குக் கோபம் வந்துவிட்டது. "சூடு சொரணை இல்லாத நாய்" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச நாள் அவன் தெருமுனையில் வண்டியைப் போட்டுக்கொண்டு நின்றான். தேவகி மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அவர்கள் கூப்பிட்டுக் கண்டித்த பிறகு ஆந்திராப் பக்கமே வேலைக்குப் போய்விட்டான்.

இதை உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. அவனை ராட்சசன் என்று நினைத்துக்கொண்டு நான் கதவைச் சாத்திவிட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அவனுக்கு அந்த நாய்மேல் ஆசை இருந்தது. அவள்மேலும் இருந்தது. அவள் இல்லாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் அவன் அழுகை. இருக்க முடியவில்லை என்றால் என்ன செய்வது? அவள் எதை விட்டுப் போக மாட்டாளோ அதைக் கையில் வைத்துக்கொள்வது. நைனா, நீ யாரையும் அடிக்க மாட்டாய். அது எனக்குத் தெரியும். ஆனால் கை ஓங்காமலும் இதைச் செய்யலாம். நிவேதாவின் அம்மா அப்பாவை வைத்துச் செய்யலாம், வேலையை வைத்துச் செய்யலாம், நாளைக்குப் பிறக்கிற பிள்ளையை வைத்துச் செய்யலாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருந்தும் செய்யலாம். நிவேதா உன்னோடு கோபித்துக்கொண்டு ஒரு நாள் வெளியே போனால், போகட்டும். எதற்காகவோ பயந்து திரும்பி வந்தாள் என்று இருக்கக் கூடாது. வரவேண்டும் என்று தோன்றி வந்தாள் என்று இருக்க வேண்டும். காத்திருப்பது கஷ்டம்தான். எனக்குத் தெரியும்.

பூரியோடு இருந்த மாதங்களில் எனக்கு அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவகி வீடியோ கால் போடுவாள். யாழினி திரைக்கு வெகு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு, "பூரி, மம்மம் சாப்ட்டியா? கால் நோவுதா?" என்று கேட்பாள். அது காதை நிமிர்த்தும். தலையை இந்தப் பக்கம் சாய்க்கும், அந்தப் பக்கம் சாய்க்கும். போன் அணைந்ததும் போனின் பின்பக்கத்தை மோந்து பார்க்கும். பிறகு நாற்காலிக்கு அடியில், கதவுக்குப் பின்னால், பீரோ இடுக்கில் எல்லாம் போய்த் தேடும். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நீ போனை வைத்த பிறகு நானும் உடனே எழுந்திருப்பதில்லை நைனா. உனக்குப் பின்னால் தெரிந்த ஜன்னல், அந்த நீலச் சட்டை மாட்டியிருந்த ஆணி, நீ கையில் வைத்திருந்த டம்ளர், இவற்றையெல்லாம் கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன். அந்த வீட்டில் காற்று எந்தப் பக்கமிருந்து வரும், சமைத்தால் என்ன வாசனை அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமல் நீ இருக்கிற இடத்தை மனசில் முழுசாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு அதன் நடையில் ஒரு சின்ன நொண்டல் தங்கிவிட்டது. எனக்கும் முழங்கால் வலி. சரவணப் பொய்கை வரை இரண்டு பேரும் சாய்ந்து சாய்ந்து போய் வருவோம். மாலை கட்டுகிறவர்கள் கேலி பண்ணுவார்கள். ஆடிக் கிருத்திகைக்கு ஊர் முழுக்கக் காவடியும் மேளமும் கூட்டமுமாக இருந்ததே, அந்த நாட்களில் பறைச் சத்தத்துக்குப் பயந்து என் புடவைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. தெரு கொள்ளாமல் சனம் போய்க்கொண்டிருந்தது. நான் எங்கேயும் போகாமல் அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். நான் தேவைப்படுகிற ஒரு உயிர் மறுபடியும் என் மடியில் இருந்தது. அந்தச் சுகத்தை என்னவென்று எழுதுவது. ஒவ்வொரு ஞாயிறும் தேவகி, "வூடு பாத்துகினுதான் கீறேன் நர்சம்மா. நாய்ன்னதும் வேணாங்கறாங்க" என்பாள். "கெடைக்கும், கெடைக்கும்" என்பேன். சொல்லிவிட்டு, இந்த வாரமும் கிடைக்கவில்லை என்று உள்ளுக்குள் லேசாவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புரட்டாசியில் கிடைத்துவிட்டது. மணவூரில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. அங்கிருந்து ரயிலில் வேலைக்குப் போய்வர வசதி. நாய் இருக்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். தேவகி போனில் அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக அழுகிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் வந்த அன்று நான் பூரியைக் குளிப்பாட்டி வைத்திருந்தேன். யாழினி கேட்டைத் திறந்து ஓடி வந்தாள். ஆனால் அவள் பழைய யாழினி இல்லை. உயரமாகியிருந்தாள். காப்பகத்தில் பேன் தொல்லைக்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வேறு சோப்பு வாசனை, வேறு உடுப்பு. பூரி என் காலுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு அவளைப் பார்த்துக் குரைத்தது. குழந்தை அப்படியே நின்றுவிட்டாள். "பூரி, நான்டா" என்றாள். அது மறுபடியும் குரைத்துவிட்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. யாழினியும் என் முகத்தைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது எனக்கு அலமேலு ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு அலமேலு அத்தையை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு இரண்டு வயது ஆகும் முன்னாலிருந்தே நான் உன்னை அவளிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். உன் அப்பாவுக்கு அரக்கோணத்தில் ரயில் வேலை, எந்த நேரம் வருவார் என்றே சொல்ல முடியாது. ஒரு தடவை போலியோ சொட்டு மருந்து முகாம் என்று தொடர்ந்து சில நாட்கள் நான் இருட்டுவதற்கு முன்னால் வரவே இல்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் வந்து கை நீட்டினேன். நீ வரவில்லை. அலமேலு கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் உன்னை இறுக்கிக்கொண்டிருந்தால் யார் என்ன சொல்லியிருக்க முடியும்? அவள் உன்னைத் தரையில் இறக்கி விட்டாள். "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டாள். நீ அந்தக் கதவைத் தட்டித் தட்டி அழுதுவிட்டு, கடைசியில் திரும்பி என்னிடம் வந்தாய். அவள் அடுப்பில் பால் இல்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். கதவுக்கு உள்பக்கம் எப்படி இருந்தது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

"காப்பி போட்டு எட்த்தாறேன்" என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குள் போய் கதவைச் சாத்தினேன். பூரி பின்னாலேயே வந்து கதவைப் பிறாண்டியது. தாழ்ப்பாளைப் போட்டேன். பிறாண்டிப் பிறாண்டி முனகியது. நான் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேவகி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், குழந்தை "சும்மா இரும்மா" என்றாள். அப்புறம் அவள் தரையில் உட்காருகிற சத்தம் கேட்டது. "கால் நோவுதா? காட்டு. எந்தக் காலு?" என்றாள். ஆஸ்பத்திரியில் ஊதியது போல ஊதினாள் போலிருக்கிறது. பிறாண்டல் நின்றது. நகம் தரையில் படுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவை விட்டு நகர்ந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. அத்தனை மாதங்களில் என்னிடம் அது ஒரு தடவைகூட எழுப்பாத சத்தம். குழந்தை சிரித்துக்கொண்டே அழுதாள். நான் காப்பி போட மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

போகும்போது அது ஆட்டோவில் யாழினியின் மடியில் ஏறிக்கொண்டு தலையை வெளியே நீட்டியது. தேவகி என் காலில் விழ வந்தாள், தடுத்துவிட்டேன். "ஞாயித்துக்கெழம போன் பண்றேன் நர்சம்மா, நீங்க அத்த பாக்கலாம்" என்றாள். ஆட்டோ திரும்பிய பிறகு அஞ்சலை வந்து ஒரு முழம் பூவை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நீ என் குரல் சரியில்லை என்றது இதற்கு அப்புறம்தான். டாக்டர் இரண்டு மூன்று முறை போன் பண்ணினார். இப்போதைக்கு வேண்டாம் சார், கல்யாண வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

கார்த்திகையில் ஒரு நாள், எனக்கே தெரியாமல் கிளம்பியது போலக் கிளம்பி, ரயில் ஏறி மணவூர் போனேன். கையில் பிஸ்கட்டும் யாழினிக்கு ஒரு பாவாடையும். ஒற்றை அறை வீடு. வாசலில் துளசி, கொடியில் சின்னச் சீருடை. நான் கேட்டைத் தொட்டதும் பூரி எப்படி வந்தது என்கிறாய்! மேலே விழுந்து, முகத்தை நக்கி, சுற்றிச் சுற்றி ஓடி, புடவையெல்லாம் மண். தேவகியின் ஒட்டிப்போயிருந்த கன்னம் நிரம்பியிருந்தது. கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்ளாமல் எனக்குச் சோறு போட்டாள். யாழினி தரையில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். பூரி அவள் முதுகில் மோவாயை வைத்துக்கொண்டு படுத்தது. நான் கிளம்பி எழுந்தேன். அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. வாலைத் தரையில் லேசாகத் தட்டியது. எழுந்து வரவில்லை. நான் செருப்புப் போட்டேன், கேட்டைத் திறந்தேன், சாத்தினேன். அது வரவில்லை. ஸ்டேஷன் வரை நடந்தேன். வண்டி வர நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். இதற்காகத்தானே அதை வைத்துப் பார்த்துக்கொண்டேன்? எழுந்து வந்து கேட்டில் ஊளையிட்டிருந்தால்தானே நான் ஏதோ தப்பாக வளர்த்துவிட்டேன் என்று அர்த்தம்?

நீ என்னைக் கனடாவுக்கே வந்து உங்களோடு இருந்துவிடச் சொல்கிறாய். நான் வருவேன். ஆறு மாதம் இருப்பேன். அந்த ஜன்னலில் காற்று எப்படி வருகிறது என்று பார்ப்பேன். நிவேதாவுக்கு நம் ஊர்க் காரக்குழம்பு வைத்துக்கொடுப்பேன். அப்புறம் திருத்தணிக்குத் திரும்பிவிடுவேன், டாக்டர் மறுபடியும் போன் பண்ணுவார். நான் அங்கே இருக்கிற நாட்களில் உன் கஷ்டம் எதுவானாலும் என்னிடம் முதலில் சொல்லாதே, அவளிடம் சொல். உனக்கு அங்கே மனசு ஒட்டிவிட வேண்டும். நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று நீ அவள் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தபடியே, "போய்ட்டு வாம்மா" என்று சொன்னால் எனக்கு வருத்தமே இருக்காது என்று இந்தக் கடிதத்தை முடிக்கத்தான் நினைத்தேன். எழுதியும் பார்த்தேன். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன்.

நீ எழுந்து வாசல் வரைக்கும் வா நைனா.

அம்மா